பட்டையா, நெருக்கமா, சாய்வா: தலைப்பு எழுத்துரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்சி, ஃப்ளெக்ஸ், கடைப் பலகை, யூடியூப் முகப்புப் படம் என்று எது செய்ய வந்தாலும் பாதிப் பேர் கேட்பது ஒரே எழுத்தைத்தான். "ஆங்கிலத் தலைப்பு நல்லா பட்டையா, நெருக்கமா, லேசா சாஞ்சு இருக்கணும்." வடிவமைப்பு வேலையில் இருக்கும் என்னிடம் இந்த எழுத்தைப் பற்றி வருகிற சந்தேகங்களும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் பார்லோ கண்டென்ஸ்டு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசம், யாரும் இறக்கிப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

போல்டு, கண்டென்ஸ்டு, இட்டாலிக், சான்ஸ் செரிஃப்னு ஒரு எழுத்துக்கு எதுக்கு இத்தனை பேர்?

நான்கும் நான்கு தனிக் குணங்கள். போல்டு என்றால் கோடு தடிமனாக இருக்கும். கண்டென்ஸ்டு என்றால் உயரம் குறையாமல் அகலம் மட்டும் குறைவாக இருக்கும். இட்டாலிக் என்றால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சான்ஸ் செரிஃப் என்றால் கோட்டின் முனைகளில் கொசுறாக வரும் சின்னப் பாதம் இருக்காது. இந்த நான்கும் சேர்ந்தால் குறைந்த இடத்தில் அதிகக் கருமை கிடைக்கும். தலைப்புக்கு வேண்டியது அதுதான்.

சுவிட்சர்லாந்தின் எழுத்துரு வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 1957இல் வெளிவந்த தன் யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் பெயர்களுக்குப் பதில் எண்களைக் கொடுத்தார். முதல் இலக்கம் தடிமன். இரண்டாம் இலக்கம் அகலமும் சாய்வும். ஒற்றைப்படை என்றால் நேர், இரட்டைப்படை என்றால் சாய்வு. அந்தக் கணக்கில் 67 தடித்துக் குறுகிய நேர் எழுத்து, 68 அதன் சாய்ந்த ஜோடி. நீங்கள் கேட்கிற எழுத்து அந்த 68தான்.

இந்த மாதிரி எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்ததுதானே?

இல்லை, ஒவ்வொரு குணமும் வெவ்வேறு காலத்தில் வந்தது. சாய்வுதான் மூத்தது. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அச்சை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய படித்தவர்களின் கையெழுத்தைப் பார்த்துச் செய்தது அது. பாதமில்லாத அச்செழுத்து 1816இல் இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் கேஸ்லானின் மாதிரிப் புத்தகத்தில் முதலில் தெரிகிறது, அதுவும் பெரிய எழுத்துகள் மட்டும்.

குறுகிய எழுத்தைக் கொண்டுவந்தது சுவரொட்டி. தாளின் அகலம் மாறாது. ஆனால் நாடகத்தின் பெயர் நீளமாக இருக்கும், அதைத் தெரு முனையில் இருந்தே படிக்கவும் வேண்டும். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர அச்செழுத்துகளை இயந்திரத்தில் வெட்ட வழி கண்டார். ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத அளவு பெரிய எழுத்துகள் அதன் பிறகு மலிவாகக் கிடைத்தன, குறுகலும் தடிப்பும் பெருகின. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் செய்த ஆல்டர்நேட் காதிக், இங்கிலாந்தில் ஜெஃப்ரி லீ 1965இல் செய்த இம்பேக்ட் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

எழுத்து சாஞ்சா ஏன் வேகமா ஓடுற மாதிரி தெரியுது?

ஓடுகிறவர் உடம்பை முன்னால் சாய்க்கிறார். ஆங்கிலமும் தமிழும் இடமிருந்து வலமாகப் படிப்பதால் நம் கண்ணுக்கு வலப்பக்கம்தான் 'முன்னால்'. அதனால் விளையாட்டு, வண்டி, கூரியர் போன்றவற்றுக்கு இந்த எழுத்து இயல்பாகப் பொருந்துகிறது. பல் மருத்துவமனைக்கோ அஞ்சலிப் பலகைக்கோ கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே அவசரம் தெரியக் கூடாது.

இம்பேக்ட்ல ஐ பட்டனை அமுக்கினா சாயுதே, அது இட்டாலிக் இல்லையா?

இல்லை. விண்டோஸோடு வரும் இம்பேக்ட்டில் ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது. அது நேர் எழுத்து. நீங்கள் ஐ பட்டனை அமுக்கியதும் மென்பொருள் தானாக அந்த நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது. பி பட்டனை அமுக்கினால் ஏற்கெனவே தடித்த எழுத்தைச் சுற்றி இன்னொரு பூச்சு பூசுகிறது, உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபட்டுப் போகின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். பட்டனைப் பார்க்காமல் எழுத்துருவின் வடிவப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே இட்டாலிக் (சில குடும்பங்களில் ஒப்ளிக்) என்ற பெயர் இருந்தால் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இல்லாவிட்டால் திரையில் தெரிவது போலி.

நிஜச் சாய்வு, போலிச் சாய்வு, ரெண்டும் பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?

சின்ன அளவில் ஒன்றாகத்தான் தெரியும். ஆங்கில 'ஓ' எழுத்தை ஒரு அடி உயரத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர் 'ஓ'வை அப்படியே தள்ளிச் சாய்த்தால் அதன் வலது மேல் தோளும் இடது கீழ் இடுப்பும் பருத்துவிடும், மற்ற இரண்டு மூலைகளும் இளைத்துவிடும். டயரை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும். ஆங்கில 'ஏ'வில் இடது கால் மெலியும், வலது கால் தடிக்கும். வரைந்த இட்டாலிக்கில் இந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்பார்கள்.

அதற்கு மேலும் உண்டு. சில குடும்பங்களில் இட்டாலிக்கின் சின்ன எழுத்துகள் உருவமே மாறும். எரிக் கில் செய்த கில் சான்ஸ் இட்டாலிக்கில் சின்ன 'ஏ' கையால் எழுதுகிற மாதிரி ஒற்றை வயிற்றோடு இருக்கும். எந்தத் தள்ளலிலும் அது வராது. உருவம் மாறாமல், திருத்திச் சாய்த்ததை மட்டும் தருகிற குடும்பங்களும் நிறைய உண்டு. அதை ஒப்ளிக் என்பார்கள். தலைப்புக்கு இரண்டுமே நல்லதுதான்.

சாதாரண போல்டையே பக்கவாட்டில் நெருக்கிக்கிட்டா கண்டென்ஸ்டு ஆயிடாதா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆங்கில 'ஹெச்' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கோடு. கால் 100 அலகு தடிமன், குறுக்குக் கோடு 85 என்று வையுங்கள். ஒரே தடிமனில் இருந்தால் படுக்கைக் கோடு கண்ணுக்குப் பருமனாகத் தெரியும், அதனால் வரைகிறவர்கள் அதைக் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். இப்போது மவுஸால் பிடித்து அகலத்தை 60 சதவீதமாக்குங்கள். கால் 60 ஆகிவிடும். குறுக்குக் கோடு 85இலேயே நிற்கும். கால் சூம்பி இடுப்பு பெருத்த உருவம் அது. நீங்கள் தேடிப்போன பலமே காலில்தான் இருந்தது, அது போய்விட்டது. முறையாக வரைந்த கண்டென்ஸ்டில் காலின் தடிமனை முடிந்த அளவு விடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் வெள்ளையைத்தான் குறைப்பார்கள். வட்டங்களின் பக்கவாட்டை நிமிர்த்தி நேர்க்கோடாக்குவார்கள்.

ஒரு கபடிப் போட்டிக்கு ஆறடி அகல பேனர். 'சாம்பியன்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து அடிக்க வேண்டும். கோப்பை அனுப்பிய தம்பி பக்கவாட்டில் நெருக்கியே அடக்கியிருந்தார். அச்சாகி மைதானத்தில் கட்டிய பிறகு இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். நிமிர்ந்த கோடுகள் கரைந்துபோய் மேலும் கீழும் படுக்கைக் கோடுகள் மட்டும் வரி வரியாகத் தெரிந்தன. அன்றிலிருந்து என்னிடம் வருகிற கோப்பில் அகலச் சதவீதம் 100 இல்லாவிட்டால் முதலில் அதைத்தான் சரி செய்கிறேன். சாய்வைப் போலியாகச் செய்தால் கெடுதல் கொஞ்சம், கையால் திருத்திவிடலாம். குறுகலையும் தடிப்பையும் போலியாகச் செய்தால் திருத்த வழியே இல்லை.

அப்ப எதைத்தான் இறக்குறது? காசு கொடுக்காம வேணும்.

என் முதல் சிபாரிசு பார்லோ கண்டென்ஸ்டு. செய்தவர் ஜெரமி ட்ரிபி. கலிபோர்னியாவின் வண்டி எண் பலகைகள், நெடுஞ்சாலைப் பலகைகள், பேருந்துகள் ஆகியவற்றின் சாயலில் வரைந்தது. முனைகள் லேசாக உருண்டிருக்கும், அதனால் பட்டையாக இருந்தாலும் முரட்டுத்தனம் இல்லை. ஒன்பது தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த ஜோடி, மொத்தம் 18 வடிவம். தலைப்புக்கு எக்ஸ்ட்ராபோல்டு இட்டாலிக் அல்லது பிளாக் இட்டாலிக் எடுங்கள். இன்னும் ஒல்லியாக வேண்டும் என்றால் ஃபிரா சான்ஸ் எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்டு, அதிலும் சாய்வு உண்டு. மேலே சொன்ன ஆல்டர்நேட் காதிக்கைப் பார்த்துச் செய்த லீக் காதிக்கும் நல்ல எழுத்துதான்.

எல்லோரும் எடுக்கும் ஆன்டன், பெபாஸ் நியூ இரண்டும் அழகானவை. ஆனால் கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் இரண்டுக்கும் ஒரே ஒரு நேர் வடிவம்தான். அவற்றைச் சாய்த்தால் போலிச் சாய்வுதான் கிடைக்கும்.

மாறும் எழுத்துருக்களும் வந்துவிட்டன. 2016இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த முறை இது. ஒரே கோப்பில் தடிமன், அகலம், சாய்வு மூன்றையும் ஸ்லைடரில் நகர்த்தலாம். ரோபோட்டோ ஃபிளெக்ஸில் விளையாடிப் பாருங்கள். தடிமன் 100 முதல் 1000 வரை, அகலம் 25 முதல் 151 வரை போகும். அகல ஸ்லைடரைக் குறைக்கும்போது கால் தடிமன் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று கவனித்தால் முந்தைய பதில் கண்முன்னே விளங்கும்.

ஃப்ரீன்னு போட்டிருந்தா கடைப் பலகைக்கும் போடலாமா?

எந்த ஃப்ரீ என்று பாருங்கள். பார்லோ, ஃபிரா, பின்னால் சொல்லப்போகும் தமிழ் எழுத்துரு அனெக் எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. வியாபாரத்துக்குப் போடலாம், அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. சில தளங்களில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று உரிமக் கோப்பில் எழுதியிருக்கும். அதை வாடிக்கையாளரின் பலகையில் போட்டால் நாளை பிரச்சினை அவருக்கு வரும். இறக்கும் ஜிப் கோப்பில் இருக்கும் உரிமத்தை ஒரு தடவை படியுங்கள், இரண்டு நிமிட வேலை.

எழுத்துக்கு நடுவில எவ்வளவு இடம் விடணும்? மூணு வரித் தலைப்பு ஏன் கோணலா தெரியுது?

தடித்துக் குறுகிய எழுத்துக்கு உள்ளே வெள்ளை குறைவு. எழுத்துக்கு வெளியேயும் ஏறக்குறைய அதே அளவு வெள்ளைதான் இருக்க வேண்டும். பெரிய பேனரில் இயல்பான இடைவெளியை ஒரு துளி குறைப்பேன், கைபேசித் திரை போன்ற சின்ன அளவில் ஒரு துளி கூட்டுவேன். முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடித்தால் கீழே தொங்கும் வால் எதுவும் இல்லை, அதனால் வரிகளை நன்றாக நெருக்கி அடுக்கலாம். இந்த எழுத்தின் அழகே அந்தச் செங்கல் அடுக்குதான்.

கோணலுக்குக் காரணம் இடது ஓரம். எழுத்து 12 பாகை சாய்ந்திருக்கிறது, ஆனால் மூன்று வரிகளும் ஒரே செங்குத்து ஓரத்தில் தொடங்குகின்றன. கண் இரண்டு திசைகளையும் ஒன்றாகப் பார்த்துக் குழம்புகிறது. வரிகளையும் சாய்வின் போக்கிலேயே நகர்த்துங்கள். கணக்கு எளிது. ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்கு 100 மில்லிமீட்டர் இறங்கினால், 12 பாகைக்குச் சுமார் 21 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ள வேண்டும். மேல் வரி வலப்பக்கமாகவும் கடைசி வரி இடப்பக்கமாகவும் நிற்கும். தள்ளிய நொடியிலேயே மூன்று வரியும் ஒரே உருவமாகச் சேர்ந்துவிடும்.

முழு நோட்டீஸையும் இதிலேயே போட்டுடலாமா?

வேண்டாம். ஆறேழு வார்த்தைக்கு மேல் போனால் படிக்கிறவர் களைத்துவிடுவார். விவரம், முகவரி எல்லாம் அதே குடும்பத்தின் நேரான, சாதாரண தடிமனில் போடுங்கள்.

ஜெர்சி நம்பருக்கும் இதே ஃபான்ட் ஓகேவா?

பேருக்குச் சரி. நம்பருக்கு யோசித்துச் செய்யுங்கள். எண்கள் தடித்துக் குறுகும்போது வாய் மூடிக்கொள்ளும். 3, 6, 9 மூன்றும் 8 மாதிரி ஆகும், 5க்கும் 6க்கும் வித்தியாசம் குறையும். சட்டை மடங்கும், ஆள் ஓடுவார், நடுவர் தூரத்தில் நிற்பார். நான் நம்பருக்குப் பிளாக் எடுப்பதில்லை, இரண்டு படி இறங்கி போல்டு எடுப்பேன், அகலமும் ஒரு படி கூட்டி செமி கண்டென்ஸ்டுக்குப் போவேன். அச்சுக்குப் போகும் முன் 3, 5, 6, 8, 9 ஐந்தையும் ஒரு தாளில் எடுத்து, வாசலில் மாட்டி, தெருவின் அந்தப் பக்கம் நின்று ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்ல இதே மாதிரி பட்டையா, ஒல்லியா, சாய்வா ஒண்ணு சொல்லுங்க.

மூன்றில் இரண்டு நன்றாகவே கிடைக்கிறது. ஏக் டைப் குழுவின் அனெக் தமிழில் கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டு இருக்கிறது, இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் குறுகிய அளவுக்குப் போகும். இரண்டிலும் சாய்வு இல்லை. நோட்டோ செரிஃப் தமிழில் சாய்வு உண்டு, ஆனால் அது புத்தகத்துக்கான எழுத்து. 'பழைய ஃபான்ட்ல இதெல்லாம் இருக்கே' என்பார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த அந்தக் காலத்து எழுத்துருக்கள் அச்சுக்கு இன்றும் ஓடும். அதே வரியைக் கைபேசியில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும்.

தமிழில் இது ஏன் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ப' எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், இரண்டு இடத்தில் வெட்டும். 'ண' எழுத்துக்குக் குறுக்கே போட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வெட்டும். 'ப'வுக்குப் பொருந்துகிற தடிமனை 'ண'வுக்குக் கொடுத்தால் சுழி அடைபட்டுவிடும். அதனால் எழுத்துக்கு எழுத்து தடிமனைக் குறைத்துக் கூட்டி வரைய வேண்டும், அகலத்தையும் தாராளமாக மாற்ற வேண்டும். 'வாழ்த்துகிறோம்', 'கேட்டுக்கொள்கிறோம்' என்று நம் சொற்களோ நீளம். குறுகிய எழுத்து ஆங்கிலத்தைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. இன்னும் நான்கைந்து பேர் இதை எடுத்து வரைய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

அதுவரை என் வழி இது. அனெக் கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டில் அடித்து, கர்வ் செய்து, அதாவது எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் உருவமாக மாற்றி, 10 பாகை சாய்ப்பேன். பிறகு கையால் மூன்று திருத்தம். புள்ளி சாய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும், அதை அழித்து வட்டப் புள்ளியை வைப்பேன். 'ண', 'ஞ', 'ஐ' சுழிகளில் முன்னால் 'ஓ'வுக்குச் சொன்ன அதே தோள் பருமன் வரும், அதைச் செதுக்குவேன். 'ழ', 'ற' எழுத்துகளின் வால் இடப்பக்கம் நீண்டு தெரிந்தால் குறைப்பேன். தலைப்பில் நான்கு வார்த்தை என்றால் அரை மணி நேரம் ஆகும்.

தமிழும் ஆங்கிலமும் ஒரே தலைப்பில வந்தா எதை எதுக்குச் சமமா வைக்கிறது?

'ப' எழுத்தின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு மிக அருகில் வையுங்கள். இகரச் சுழியும் புள்ளியும் மேலே நீட்டும், உகரம் கீழே இறங்கும். நீட்டட்டும். அவற்றையும் உள்ளே அடக்கப் பார்த்தால் தமிழ் ஒரு சுற்றுச் சிறுத்து, ஆங்கிலத்துக்குத் துணைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். அதே காரணத்தால் தமிழ் வரிகளைச் செங்கல் மாதிரி நெருக்கி அடுக்க முடியாது. முடிந்தால் ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் சாய்வுக் கோணம் ஒன்றாக இருக்கட்டும். ஆங்கில 'ஹெச்' காலின் மேல் ஒரு கோடு வரைந்து கோணத்தை அளந்து, அதையே தமிழுக்கும் கொடுங்கள்.

வெப்சைட்டில் மட்டும் ஏன் வேற மாதிரி சாஞ்சு தெரியுது?

நேர் வடிவக் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு, தலைப்பை இட்டாலிக் என்று குறித்திருப்பீர்கள். சாய்ந்த கோப்பு கிடைக்காததால் உலாவி தானே சாய்த்துவிடுகிறது. இணைய விதிப்படி கோணம் சொல்லாத சாய்வு 14 பாகை. வரைந்தவர் வேறு கோணம் வைத்திருந்தால் அச்சில் ஒரு மாதிரியும் திரையில் ஒரு மாதிரியும் இருக்கும். பிளாக் இட்டாலிக் கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். ஸ்டைல்ஷீட்டில் ஃபான்ட் சிந்தசிஸ் என்ற பண்பை அணைத்துவிட்டால் உலாவி போலியாக எதையும் செய்யாது. பக்கத்தில் தமிழும் இருந்தால் இது இன்னும் நல்லது, தமிழ் தேவையில்லாமல் சாயாமல் நேராக நிற்கும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பினா எழுத்து மாறிப்போகுது, என்ன பண்ண?

கர்வ் செய்து அனுப்புங்கள். கர்வ் செய்யாத கோப்பை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தேதி மாறினால் வேண்டியிருக்கும்.

வேனோட ஒரு பக்கம் சூப்பரா இருக்கு, இன்னொரு பக்கம் எழுத்து பின்னாடி சாஞ்ச மாதிரி இருக்கே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். வண்டியின் வலப்பக்கத்தைப் பார்க்கிறவருக்கு வண்டியின் முகம் அவருடைய வலக்கைப் பக்கம் இருக்கும், எழுத்தும் அந்தப் பக்கமே சாயும். இடப்பக்கம் வந்து பார்த்தால் முகம் இடக்கைப் பக்கம், எழுத்தோ வலப்பக்கம்தான் சாயும். வண்டி முன்னால் போக, எழுத்து பின்னால் இழுக்கிற மாதிரி தெரியும்.

எழுத்தை இடப்பக்கம் சாய்த்துவிடலாமா என்று கேட்பார்கள். செய்யாதீர்கள், இடச்சாய்வைப் படிக்கக் கண் பழகியதில்லை, ஒரே கடையின் பெயர் இரண்டு பெயராகவும் தெரியும். பெயர்தான் முத்திரை என்றால் இரண்டு பக்கமும் ஒரே சாய்வை வைத்துவிட்டு, கீழே ஓடும் பட்டைக் கோடுகளை மட்டும் அந்தந்தப் பக்கத்துக்கு முன்னோக்கித் திருப்புங்கள். புதிதாகத் தொடங்குகிற கடை, முத்திரை இன்னும் முடிவாகவில்லை, வண்டிகள்தான் முக்கிய விளம்பரம் என்றால், பார்லோ கண்டென்ஸ்டு பிளாக்கை நேராகவே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.